சேர்க்கையும் சேர்ந்திருத்தலும்: காஞ்சிபுரத்தின் கல்வி வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் கேள்வி

தமிழ்நாட்டில் உயர்கல்வி குறித்த விவாதம் ஏறத்தாழ நூறாண்டுக் காலமாகச் சேர்க்கையை மையமாகக் கொண்டே நடந்துவந்துள்ளது. யாருக்கு எத்தனை இடங்கள், எந்த அளவுகோலின்படி, எந்தச் சட்டத்தின் பாதுகாப்போடு என்ற கேள்விகளுக்கு இந்த மாநிலம் தேடிக்கண்ட விடைகள் இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் முன்மாதிரியாக அமைந்தன. இதன் பயனையும் மறுப்பதற்கில்லை. ஒன்றிய அரசின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டு உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் விகிதத்தைக் காட்டும் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் அது 47.0 ஆக உள்ளது.

ஆனால் கல்லூரிக்குள் வந்துவிட்ட மாணவர் அந்த இடத்தைத் தம்முடையதாக உணர்கிறாரா, ஐயம் கேட்கவும் தவறு செய்யவும் தமக்கு உரிமை உண்டு என்று நம்புகிறாரா, மூன்று நான்கு ஆண்டுகள் நிலைத்திருந்து பட்டத்தோடு வெளியேறுகிறாரா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒதுக்கீட்டு விகிதங்களில் விடை கிடைக்காது. இந்தக் கட்டுரை அக்கேள்வியைக் காஞ்சிபுரத்தில் வைத்து ஆராய்கிறது. பல்லவர் காலம் முதல் கல்விக்குப் பேர்பெற்ற கோயில் நகரமாகவும், பட்டு நெசவால் பிழைக்கும் உழைப்பாளர் நகரமாகவும் ஒருசேர இருந்துவரும் இந்த ஊரில், கல்வி யாருக்குச் சொந்தமாக இருந்தது, எவ்வாறு சொந்தமாக்கப்பட்டது என்பதற்கான சான்றுகள் கல்வெட்டு முதல் தறிக்கூடம் வரை கிடைக்கின்றன. அச்சான்றுகளின் துணைகொண்டு, சேர்ந்திருக்கும் உணர்வு மாணவரின் மனத்திண்மையால் மட்டும் விளைவதன்று, நிறுவனம் செய்துதரும் ஏற்பாடுகளாலேயே பெரிதும் உருவாகிறது என்ற கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

2. இதுவரையிலான விளக்கங்கள்

மாணவர்கள் ஏன் கல்லூரியைப் பாதியில் விடுகிறார்கள் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் அளித்த விளக்கம் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றது. கல்லூரியின் பாட வாழ்க்கையோடும் சமூக வாழ்க்கையோடும் ஒன்றிணையும் மாணவர் நிலைக்கிறார், ஒன்றிணையாதவர் வெளியேறுகிறார் என்பது அதன் சாரம். இவ்விளக்கத்தின் முதல் வடிவத்தில், பழைய சமூகத்திலிருந்து விலகிப் புதிய சமூகத்துக்குள் நுழைவது ஒரு கட்டாயப் படியாகக் கருதப்பட்டது. வில்லியம் டியர்னி 1992இல் இதனை மறுத்து, ஆதிக்கப் பண்பாட்டைச் சேர்ந்த மாணவருக்கு இந்த விலகல் தேவைப்படுவதே இல்லை என்றும், விளிம்புநிலை மாணவரிடம் மட்டும் பிறந்த வீட்டைத் துறந்துவரச் சொல்வது நியாயமாகாது என்றும் வாதிட்டார்.

பிரான்சில் பியர் பூர்தியூவும் ழான்-கிளோது பஸ்ரோனும் 1964இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு கோணத்தைத் திறந்தது. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே பெற்றுவிடும் பேச்சுமுறை, வாசிப்புப் பழக்கம், கல்விக்கூடத்தின் எழுதப்படாத விதிகள் பற்றிய அறிமுகம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் பிறவித் திறமையாகத் தவறாக மதிப்பிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பிற்காலத்தில் பண்பாட்டு மூலதனம் என்று பெயர் பெற்ற இக்கருத்து இந்தியாவில் சாதியோடு பிணைந்தே இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட நூல், தகுதி என்று கொண்டாடப்படுவதற்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதிச் சலுகை எவ்வாறு மறைந்திருக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்தது.

மூன்றாவது வகைச் சான்று உளவியலிலிருந்து வருகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் நடத்திய சோதனையில், சாதி அறிவிக்கப்படாதபோது எல்லாச் சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் புதிர்களை விடுவித்தனர். ஒவ்வொருவரின் சாதியும் அனைவர் முன்னிலும் சொல்லப்பட்டபின், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் செயல்திறன் குறைந்தது. திறமை என்பது சூழலைச் சாராத தனிச்சொத்து அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. இம்மூன்று விளக்கங்களும் வெவ்வேறு துறைகளிலிருந்து வந்தாலும், தீர்வை மாணவரிடம் தேடுவதைவிட நிறுவனத்திடம் தேடுவதே பொருத்தம் என்ற இடத்தில் ஒன்றுபடுகின்றன.

3. கடிகையும் திருமுக்கூடலும்

பல்லவர் காலக் காஞ்சியில் கடிகை எனப்பட்ட உயர்கல்வி நிலையம் இயங்கியதற்குத் தொலைவிலிருந்தும் சான்று கிடைக்கிறது. கர்நாடகத்தின் தாளகுண்டாத் தூண் கல்வெட்டு, மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன் தன் ஆசானோடு வேதக் கல்வியை நிறைவு செய்யக் காஞ்சிக் கடிகைக்கு வந்ததையும், அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த சச்சரவில் அவமானமுற்றுக் கல்வியைக் கைவிட்டு ஆயுதம் ஏந்தியதையும், பின்னர் கதம்ப அரசமரபைத் தோற்றுவித்ததையும் கூறுகிறது. அரசமரபின் பெருமையைச் சொல்லவந்த கல்வெட்டு என்பதால் அதன் ஒவ்வொரு விவரத்தையும் நடந்தபடியே கொள்ள வேண்டியதில்லை. எனினும் கல்விக்கு எல்லாத் தகுதியும் உடையவராகக் கருதப்பட்ட ஒருவரைக்கூட ஓர் அவமதிப்பு கல்வி நிலையத்திலிருந்து வெளியேற்றிவிடும் என்பதை அக்காலத்தவர் நம்பத்தக்க காரணமாகவே ஏற்றிருந்தனர் என்பது அதிலிருந்து புலனாகிறது.

காஞ்சி ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய கல்வியூராகவும் இருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் தென்னகம் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவியரும் இருந்ததாகவும், நாலந்தாவின் தலைமை ஆசானாக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்றும் குறிப்பிடுகிறார்.

இக்கட்டுரையின் கேள்விக்கு மிக நெருக்கமான சான்று, காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டாகும். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அது, கோயிலோடு இணைந்திருந்த கல்லூரி, விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கை நுணுக்கமாகத் தருகிறது. இருக்கு வேதம் பயில்வோர், யசுர் வேதம் பயில்வோர், இலக்கணம் பயில்வோர் என மாணவர் வகைப்படுத்தப்படுகின்றனர்; அவர்களுக்கு உணவும், படுக்கப் பாயும், தலைக்குத் தேய்க்க எண்ணெயும், இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெயும் ஒதுக்கப்படுகின்றன. நோயுற்றால் தங்குவதற்குப் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், அங்கே மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடைப் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கான ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளன.

இக்கல்வெட்டு பண்டைய தமிழரின் கல்விப் பெருமைக்கான ஆவணமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அதை வேறுவிதமாகவும் வாசிக்க வேண்டும். அன்றைய சமூகத்தில் கல்விக்கு முழு உரிமை பெற்றிருந்த இளைஞர்களுக்கேகூட வெறும் அனுமதி போதவில்லை. சோறும் பாயும் எண்ணெயும் மருந்தும் தந்தால்தான் கல்வி நடக்கும் என்பதை அந்த நிறுவனம் அறிந்திருந்தது. அந்தச் செலவை யாரும் சலுகை என்று இகழவுமில்லை. அதே கல்வெட்டில் மூலிகை கொண்டுவருவோரும் பணிவிடைப் பெண்களும் நாவிதரும் ஊதியம் பெறுவோராக மட்டுமே இடம்பெறுகின்றனர். மாணவர் பட்டியலில் அவர்களுடைய மக்களுக்கு இடமில்லை. தகுதியை ஊட்டி வளர்க்கும் ஏற்பாடும், அந்த ஏற்பாட்டின் எல்லைக்கு வெளியே பெரும்பான்மையை நிறுத்தும் ஏற்பாடும் ஒரே கல்லில் பதிவாகியுள்ளன.

4. கதவு திறந்த வழி

அந்த எல்லை அசைவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. கோயில் அறத்துக்காக எழுதிவைக்கப்பட்ட பணம் பொதுக்கல்விக்குத் திரும்பியது அதில் முக்கியமான திருப்பம். பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபின் அவருடைய அறச்சொத்துகள் குறித்து நீண்டகாலம் வழக்கு நடந்து, உபரி நிதியைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்து, 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்திலும் அந்த அறக்கட்டளையின் உயர்நிலைப் பள்ளியும், பின்னர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கல்லூரிகளும் அமைந்தன. ஆயினும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது; பொதுக்கல்வி என்ற பெயர் முதல் நாளிலேயே அனைவருக்கும் பொதுவாகிவிடவில்லை.

காஞ்சிபுரத்தின் செங்குந்த நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரைக்கு, ஊரிலிருந்த பச்சையப்பன் பள்ளியில் படிக்கும்போதே குடும்ப நிலை காரணமாக நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர நேர்ந்தது. மீண்டும் படிப்பைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1934இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னாளில் முதலமைச்சரான ஒருவரின் வெற்றிக் கதையாக இது சொல்லப்படும்போது, இடையில் படிப்பு நின்ற அந்தக் காலம் விரைவாகக் கடந்து செல்லப்படுகிறது. அந்த இடத்தில் நின்றுபோய்த் திரும்பி வராதவர்களின் கதைகள் எழுதப்படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

சட்டத்தின் வழியும் காஞ்சியைத் தொட்டுச் செல்கிறது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாததால் பெரியார் ஈ.வெ.ரா. வெளியேறினார். கல்லூரிச் சேர்க்கையில் பின்பற்றப்பட்ட வகுப்புவாரி ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதென்று தீர்ப்பளிக்கப்பட, அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்து இடஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. இன்று நடைமுறையில் உள்ள 69 விழுக்காடு ஒதுக்கீடும், தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் இந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியே.

5. தறியிலிருந்து வகுப்பறைக்கு

கதவு திறந்திருந்தும் காஞ்சிபுரத்து நெசவாளர் பிள்ளைகள் பலர் அதை நெருங்க முடியாமல் போனதற்குத் தறியின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருந்தது. காஞ்சிப் பட்டின் அடையாளமாகிய கோர்வை நெசவில், சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, ஒவ்வோர் ஊடை இழையிலும் ஒன்றோடொன்று கோர்க்கப்படுகின்றன. இதற்கு ஊடை நூலைச் செலுத்தும் மூன்று நாடாக்கள் வேண்டும். குழிக்குள் கால்வைத்து மிதிகட்டையை இயக்கும் நெசவாளரால் இவை அனைத்தையும் தனியே கையாள்வது கடினம் என்பதால், பக்கத்தில் அமர்ந்து கரைநாடாவை எறிந்து வாங்கித் தர இன்னொருவர் தேவைப்படுகிறார். ஒரு சேலை முடிவதற்குள் அந்தக் கை பல்லாயிரம் முறை அசைய வேண்டும். கூலி குறைவான அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவரோ சிறுமியரோ அமர்த்தப்பட்டனர்.

குடும்பத்தின் சொந்தத் தறியில் அது பிள்ளையின் உதவியாகக் கருதப்பட்டது. பிறர் தறியில் முன்பணம் வாங்கியதற்கு ஈடாகப் பிள்ளை உட்கார்ந்தபோது அது கொத்தடிமையாகியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும் வந்தபின்னரும் இந்நிலை நீடித்ததை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத்தொழில் குறித்து 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிப் பதிவு செய்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சிகளால் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. ஆனால் இன்று கல்லூரி வயதை எட்டியுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர், பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தறியருகே உட்கார்ந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் குறிக்கப்படுவதன் பின்னணி இதுவே.

நெசவாளர் பிள்ளை என்பதும் ஒரே வகையினரைக் குறிப்பதன்று. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் குடும்பமும், முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்யும் குடும்பமும், சுற்றுக் கிராமங்களில் நெசவைப் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட தலித் குடும்பமும் ஒரே வருவாயோ ஒரே மதிப்போ உடையவை அல்ல.

கல்லூரியின் கால அட்டவணையும் தறியின் காலமும் ஒத்துப்போவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் குழித்தறியில் ஈரம் ஏறி நெசவு தடைப்படும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் பருவத் தேர்வுகளும் அதற்கான கட்டணங்களும் வருகின்றன. அதே நேரத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் நிறுவனப் பேருந்துகள் சுற்றுப்புற ஊர்களுக்கே வந்து இளைஞர்களை ஏற்றிச் செல்கின்றன. கல்லூரியில் தனக்கு இடமில்லை என்று ஒருமுறை உணர்ந்துவிட்ட மாணவருக்கு, மாதச் சம்பளத்தோடு அவரை உடனே ஏற்றுக்கொள்ளும் வேறோர் இடம் அருகிலேயே இருக்கிறது. ஆகவே காஞ்சிபுரம் வட்டாரத்தில் இடைநிற்றலைப் படிப்பில் ஆர்வமின்மை என்று சுருக்குவது, அந்த மாணவர் செய்யும் கணக்கைப் புரிந்துகொள்ள மறுப்பதாகும்.

6. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளித்த விவரப்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.கள் ஆகியவற்றிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த பதிமூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியேறியுள்ளனர். வேறு படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறிச் சென்றவர்களும் இதில் அடங்குவர் என்பது அரசின் விளக்கம். அது ஓரளவு ஏற்கத்தக்கதே. பிற பிரிவு மாணவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் இந்த ஒற்றை எண்ணிலிருந்து உறுதியான முடிவுக்கு வருவதும் சரியன்று.

எனினும் எண்ணின் பின்னுள்ள வாழ்க்கையை வேறு ஆவணங்கள் காட்டுகின்றன. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, விடுதியில் ஒதுக்கிவைக்கப்படுவதும் ஆசிரியரால் புறக்கணிக்கப்படுவதும் அன்றாடமாக இருந்ததை 2007இல் சுட்டிக்காட்டியது. ஐதராபாத்தில் 2016இல் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் மரணமும், 2017இல் சேலத்திலிருந்து ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குச் சென்ற முத்துக்கிருஷ்ணனின் மரணமும் நாட்டின் மனச்சாட்சியை உலுக்கின. தமிழ்நாட்டில் 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, கல்விக்கூடங்களில் சாதி உணர்வைக் களைவதற்கான பரிந்துரைகளை 2024இல் அளித்தது. மாணவரின் சாதி விவரத்தைப் பிறர் அறியாமல் காக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. உதவித்தொகைக்குரியோரின் பெயர்களை வகுப்பில் உரக்கப் படிப்பதும் அறிவிப்புப் பலகையில் சாதி வாரியாக ஒட்டுவதும் நிர்வாக வசதிக்காகச் செய்யப்படலாம். முன்னர் குறிப்பிட்ட ஹாஃப்–பாண்டே சோதனையின் வெளிச்சத்தில் பார்த்தால், அவை மாணவரின் கற்றல் திறனையே குறைக்கும் செயல்கள்.

7. தறி அறிவும் குலக்கல்வி அச்சமும்

சேர்ந்திருக்கும் உணர்வை வளர்க்க, மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவைக் கல்லூரி மதிக்க வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் பரிந்துரை. தமிழ்நாட்டில் இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றோர் தொழிலில் ஈடுபடுத்த முற்பட்டு, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் கைவிடப்பட்டது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, அதற்கு மாற்றாக அறிவித்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 என வைத்ததும், இளைஞர்கள் படிப்பை விட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பிவிடலாகாது என்ற அதே எச்சரிக்கையால்தான். இந்த அச்சம் வரலாற்று அனுபவத்திலிருந்து பிறந்தது. அதை அலட்சியம் செய்வது பிழை.

அதே வேளையில், இந்த எச்சரிக்கை தறி அறிவை வகுப்பறையிலிருந்து முற்றாக விலக்கிவைப்பதாக முடியவேண்டியதில்லை. காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிகளின்மேல் தொங்கும் ஜக்கார்டு பெட்டியில், அட்டையில் உள்ள துளை ஒரு பாவிழையை உயர்த்துகிறது, துளையில்லாத இடம் இழையைக் கீழேயே விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான இந்தப் பொறிமுறை, சார்லஸ் பாபேஜ் வழியாகக் கணினியின் முன்வரலாற்றில் இடம்பெற்றது. கணினி அறிவியல் பாடநூல்களின் முதல் அத்தியாயத்தில் ஜக்கார்டின் பெயர் வருகிறது. நெசவாளர் வீட்டு மாணவி அந்தப் பெயரை அயல்நாட்டுத் தகவலாக மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு, வீட்டில் அந்தப் பொறியின் கீழே உட்கார்ந்து சாப்பிடும் நிலை, பாடத்திட்டத்தின் குறையே.

தறி அறிவை நெசவாளர் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சியாக வைத்தால் அது குலக்கல்வியாகிவிடும். அதையே கணிதம், வேதியியல், பொருளியல், வரலாறு பயிலும் எல்லா மாணவர்க்கும் உரிய ஆய்வுப் பொருளாக வைத்தால், சாயம் தோய்த்தலின் வேதியியலும், கோர்வைக் கணக்கும், முன்பணக் கடனின் பொருளியலும் பொது அறிவாகின்றன. அப்போது நெசவாளர் பிள்ளை அந்தத் தொழிலுக்குக் கட்டுப்படுத்தப்படவும் மாட்டார், தாம் வந்த இடத்தை மறைக்க வேண்டியவராகவும் இருக்க மாட்டார்.

8. முடிவுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதந்தோறும் தரும் ஆயிரம் ரூபாய், திருமுக்கூடலில் தரப்பட்ட எண்ணெய்க்கும் பாய்க்கும் இணையான கல்விச் செலவே. அதை இலவசம் என்று இகழ்வோர் கல்வி என்றுமே இத்தகைய தாங்குதலின்றி நடந்ததில்லை என்பதை உணர வேண்டும். இரண்டாவதாக, அரசு தரும் பணம் கல்லூரி செய்ய வேண்டியதற்கு ஈடாகாது. தேர்வுக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த இடந்தருவது, தமிழ்வழியில் பயின்று வந்தவர்க்கு முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலோடு தமிழ் விளக்கமும் தமிழில் விடையெழுதும் உரிமையும் அளிப்பது, உதவித்தொகை விவரங்களைத் தனிமையில் கையாள்வது, வருகை குறையும் மாணவரைத் தண்டிக்குமுன் வீட்டு நிலையை விசாரிப்பது ஆகியவை பெரும் நிதி வேண்டாத ஏற்பாடுகள்.

மூன்றாவதாக, நிறுவனங்களை மதிப்பிடும் அளவுகோல் மாற வேண்டும். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று மட்டும் அறிக்கையிடும் கல்லூரி, சேர்ந்தவர்களில் எத்தனை முதல் தலைமுறை மாணவர்கள் குறித்த காலத்தில் பட்டம் பெற்றனர் என்பதையும் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை மாணவர்களுக்கும் அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கும் உண்டு. ஒதுக்கீட்டுக்காக நூறாண்டுகள் போராடிய சமூகம் இந்தக் கணக்கையும் கேட்கத் தொடங்கும்போதுதான், நுழைவுரிமை முழுமையான கல்வியுரிமையாக நிறைவுறும்.